மிஷனும் மிஷினும்

எங்கள் மாதா கோயிலின் பங்கு மலருக்கு ‘நம் பங்கின் வரலாறும் மிஷனும்’ என்று ஒரு பக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டினார் பங்குத்தந்தை. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கும் டீச்சர் என்றால் இளிச்சவாய் என்று நினைப்பு.

வரலாறு சுலபம் என்று நம்பினேன். கோவளத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தில் முதல் ஓலைக் கோயிலைக் கட்டியது யார் என்று விசாரித்தால், நான்கு குடும்பங்கள் “எங்க தாத்தாதான்” என்றன. நான்கு தாத்தாக்களும் சேர்ந்து கட்டினார்கள் என்று எழுதினேன். எந்தத் தாத்தா முதல் கம்பை நட்டார் என்று அதற்கும் சண்டை.

மிஷனுக்கு ஃபாதரே வழி சொன்னார். ஞாயிறு பூசை முடிவில் மைக்கில் அறிவித்தார்: “நம்ம பங்குக்கு என்ன மிஷன் வேணும்னு வீட்டுக்கு வீடு எழுதி இந்தப் பெட்டியில போடுங்க.” எங்கள் மைக் எப்போதுமே கொரகொரவென்றுதான் பேசும். அன்று கடல்காற்று வேறு.

பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்ரீஸ்து அறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். ஐஸ் மிஷின். மாவு மிஷின். ‘ஐஸ் மிஷின் கோயிலாண்ட வேணாம், சத்தம் போடும். எங்க வூட்டாண்ட வெக்கவும்.’ ஃபாதர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்போது ஒரு சீட்டு வந்தது. ‘தையல் மிஷின். கூடை தூக்க முடில. முட்டி போச்சு.’ என் தெருவில் மீன் விற்கும் அக்காவின் கையெழுத்து. மீன்கூடையைப் பார்த்ததும் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வெயிலில் நடந்தே விற்கிறவர். ஃபாதர் மூலையில் உறைபோட்டு மூடியிருந்த கோயில் தையல் மிஷினைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பீடத்துணி தைக்க அதை நான் மட்டும்தான் தொடுவேன். ஃபாதர் அதன்மேல் குடை வைத்தால்கூட எனக்குப் பொறுக்காது.

“நான் கேட்டது மிஷின் இல்லன்னு நீங்களே அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க டீச்சர்” என்று நழுவினார் மனிதர். சங்கடமான வேலை வந்தால் மட்டும் எங்களைப் போன்ற பொதுநிலையினரின் பங்கேற்பு!

போனால், அந்த அக்கா ஜன்னலோரம் இடம் ஒழித்து வைத்திருந்தார்.

“வா டீச்சரம்மா! இங்க போட்டா வெளிச்சம் வரும்ல? மூணு பேரு ஜாக்கெட்டுத் துணி குட்த்துட்டாங்கோ. மிஷினு எப்போ வருது?”

“அக்கா, ஃபாதர் சொன்னது மிஷின் இல்ல, மிஷன்.”

“அத்தத்தான் நானும் சொல்லிகினு கீறேன்.”

“இல்லக்கா. மிஷன்னா, இயேசு நம்மள எதுக்கு அனுப்பினாரு, நாம யாருக்கு என்னா செய்யணும்…”

“ஃபாதரு செய்யட்டுமே! யாரு வேணான்னது? எனுக்கு மிஷினு குடுக்கச் சொல்லு.”

இத்தனை வருஷம் மறைக்கல்வி எடுத்தவள் நான். வெட்கமாக இருந்தது. வருஷத்துக்கு நாலு பீடத்துணி தைத்துவிட்டு, மீதி நாளெல்லாம் அதை மூடி வைத்தவள் நான்தானே.

மறுநாள் ஃபாதரிடம் சொல்லிவிட்டு, மிஷினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். வழியெல்லாம் வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். அக்கா உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். முட்டி பொறுத்துக்கொண்டது. முகமெல்லாம் பல்.

பிறகு, நான் சிலுவை போட்டுப் பூவேலை செய்திருந்த உறையை எடுத்து என்னிடமே நீட்டினார்.

“இத்த நீயே எட்த்துகினு போ டீச்சரம்மா. நான் எப்போ இத்த மூடி வெக்கப் போறேன்?”

உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மிஷன் பகுதியை அன்று மாலையே எழுதி முடித்தேன்.