மேகம் இறங்கினால் எனக்கு வேலையில்லை

"தெரியுதாம்மா?" என்று கேட்பார்கள். "தெரியலைங்க" என்பேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் நான் செய்த வேலை ஏறக்குறைய இவ்வளவுதான்.

கொடைக்கானலில் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு சாலை வளைவில், தனி ஆள் ஒருவர் நடத்தும் தொலைநோக்கி மாடம் அது. வெள்ளையடித்த வட்டக் கட்டடம், உள்ளே இரண்டு தொலைநோக்கிகள், வாசலில் டிக்கெட் கொடுக்க ஒரு கூண்டு. கூண்டுக்குள் நான். வெயில் நாளில் கீழே பள்ளங்கிப் பக்கத்துப் பூண்டு வயல்கள் படிப்படியாகத் தெரியும். அதற்கும் அப்பால் சமவெளி தெரியும். சீசனில் வரிசை சாலைவரை நிற்குமாம். நான் சேர்ந்தது சீசன் முடிந்த பிறகு.

மேகம் இறங்கிவிட்டால் கண்ணாடிக்குள் வெள்ளையைத் தவிர எதுவும் இருக்காது. எங்கள் முதலாளி அந்த விஷயத்தில் கறாரானவர். "தெரியாத அன்னைக்கு டிக்கெட் குடுக்காதீங்கம்மா. காச வாங்கிட்டு மேகத்தக் காட்டுனா மனசாரத் திட்டிட்டுப் போவாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆனால் கூண்டைப் பூட்டவும் கூடாது. "எந்நேரமும் விலகும். விலகுறப்ப ஆள் இருக்கணும்."

திருப்பூரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் ஒருமுறை நேராகவே கேட்டார். "ஒன்னும் தெரியாதுன்னா நீ எதுக்கும்மா உக்காந்திருக்க?"

"தெரியாதுன்னு சொல்றதுக்குத்தாங்க."

அவர் மனைவி சிரித்துவிட்டார். "நல்ல வேலையா இருக்கே. எனக்கும் ஒன்னு இருந்தா சொல்லு கண்ணு."

நானும் சிரித்தேன். அவர்களுடைய வண்டி போன பிறகு, மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டேனோ என்று சாயங்காலம்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க நேரம் நிறைய இருந்ததுதான் அந்த வேலையில் இருந்த ஒரே கஷ்டம்.

சம்பளம் வாங்கிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. தொலைநோக்கிகளைத் துடைத்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "லென்ஸத் தொடாதீங்க, கீறல் விழுந்துரும்" என்றார். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்தேன். வாசலில் விழும் பைன் ஊசிகளைக் கூட்டினேன். கூட்டி முடித்துத் திரும்புவதற்குள் காற்று வேறு ஊசிகளைக் கொண்டுவந்து போடும், அது ஒரு விதத்தில் உதவியாகத்தான் இருந்தது. பிறகு, வருபவர்களுக்கு இடங்களைச் சொல்லும் பேச்சைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெற்று மாடத்துக்குள் நின்று சொல்லிப் பழகினேன். "இடது பக்கம் பாத்தீங்கன்னா..." என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது வெளியிலிருந்து ஒரு குரல்.

"யாரோட கதைச்சுக்கிட்டு இருக்கீங்க தங்கச்சி? பேய்க்கா டிக்கெட் குடுத்தீங்க?"

பக்கத்தில் தள்ளுவண்டியில் மக்காச்சோளம் வேகவைத்து விற்கும் அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் அப்பா அம்மாவின் பேச்சு நாக்கில் அப்படியே இருந்தது. மேகம் போட்டால் அவருக்கும் வியாபாரம் கிடையாது. ஆனாலும் அவர் என்னைப் போலத் தவிப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"எங்கப்பா காலத்துல தோட்டத்துல மழ வந்து வேல நின்னுச்சுன்னா அரைப் பேருதான் போடுவாங்களாம். அரைநாள் கூலி. ஒங்களுக்கு மழ பெஞ்சாலும் முழுப் பேரு விழுகுது. அதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க."

என் முகம் அப்படியிருந்ததற்குக் காரணம் கூலியில்லை. கீழே வீட்டில் என் மகள் சாப்பிடாமல் இருந்தாள்.

அவளுக்கு அப்போது பத்து மாதம். எங்கள் வீடு பள்ளங்கியில். கணவர் காய்கறி வண்டி ஓட்டுகிறார். வெள்ளனே கிளம்பினால் ஒட்டன்சத்திரம் போய்த் திரும்ப இருட்டிவிடும். மகளைப் பார்த்துக்கொண்டது என் மாமியார்தான். எனக்கு வேலை கிடைத்ததும், காலம்காலமாகப் போய்க்கொண்டிருந்த பூண்டுக் காட்டு வேலையை நிறுத்திவிட்டார். "படிச்சவ வீட்டுக்குள்ள எதுக்குக் கெடக்கணும்? நீ போ தாயி, நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்காக ஒருவர் தன் வேலையை விட்டிருக்கிறார், நான் போய்ப் பைன் ஊசி கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் பால் கொடுத்துவிட்டு வருவேன். சாயங்காலம் போய்க் கொடுப்பேன். நடுவில் அவளுக்குப் பருப்பும் நெய்யும் போட்டுக் குழையப் பிசைந்த சோறு, கொஞ்சம் அவித்த கேரட். சில நாள் ஒழுங்காகச் சாப்பிடுவாள். சில நாள் வாயை இறுக்கிக்கொண்டு ஒரு பருக்கையைக்கூட உள்ளே விடமாட்டாள். பாலாடையில் கொடுத்த பாலையும் துப்பிவிடுவாள். எந்த நாள் எப்படியிருப்பாள் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. மாதக் கடைசிவரை பார்ப்பது, மாறாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். கணவரிடம் சொன்னபோது "ஒன் இஷ்டம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் என்னைப் போன்ற ஆளிடம் அப்படிச் சொல்லக் கூடாது.

நிற்க நேரமில்லாத வேலையாக இருந்திருந்தால் மனசு இவ்வளவு அடித்துக்கொண்டிருக்காது என்று தோன்றும். ஒருவருக்கும் பயனில்லாமல் நான் இங்கே உட்கார்ந்திருக்க, அவள் அங்கே பட்டினி. அதைத்தான் என்னால் எந்தப் பக்கமிருந்து பார்த்தும் சரி என்று சொல்ல முடியவில்லை. சாலையில் யாருடைய குழந்தையாவது அழுதால் பால் சுரந்து என் சட்டை நனைந்துவிடும். சோளக்கார அக்கா ஒன்றும் கேட்காமல் தன் சால்வையை எடுத்து என் மேல் போடுவார். "போர்த்திக்கங்க, குளிருது" என்பார்.

போன் பண்ணலாமே என்றால், பண்ணினேன். ஓயாமல் பண்ணினேன். எங்கள் வீட்டில் முற்றத்து ஓரத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஒருநாள் மாமியார் பொறுமையிழந்துவிட்டார்.

"ஏத்தா, நீ அடிக்கிற அடியில தூங்குற புள்ள முழிச்சுக்கிருது. முழிச்சா ஒன்னையத் தேடுது. தேடுனா சோறு எறங்க மாட்டேங்குது. சோலியப் பாரு. ஒன்னுன்னா நான் அடிக்க மாட்டேனா?"

பார்ப்பதற்குச் சோலி இல்லை என்று எப்படிச் சொல்வது? "சரிங்கத்தை" என்றேன். அதன் பிறகு போன் பண்ணவில்லை.

தொலைநோக்கியில் எங்கள் வீட்டைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வீடு அந்தச் சரிவில்தான் இருக்கிறது. ஆனால் வெயில் நாளில் வருபவர்கள் நிற்பார்கள், அவர்களை விலக்கிவிட்டு நான் பார்க்க முடியாது. மேகம் போட்ட நாளில் பார்க்க ஒன்றும் இருக்காது. இதெல்லாம் சொல்லிக்கொள்ளும் காரணம். பார்த்து, அவள் அழுவது தெரிந்துவிட்டால் இங்கிருந்து நான் என்ன செய்வேன் என்ற பயம்தான் உண்மை.

ஒருநாள் மதியம், காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மேகம் சட்டென்று நடுவில் பிளந்தது. சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. அக்கா அடுப்பருகே கண்ணயர்ந்திருந்தார். நான் எழுந்து போய்த் தொலைநோக்கியைப் பள்ளங்கிப் பக்கம் திருப்பினேன். நீலத் தண்ணீர்த் தொட்டி, பேரி மரங்கள், எங்கள் தகரக் கூரை. முற்றத்தில் மாமியார் நின்றிருந்தார். இடுப்பில் என் மகள்.

அவருடைய கை மேலே உயர்ந்தது. விரல் நேராக என்னைக் காட்டியது. மலையில் எத்தனையோ இடமிருக்க, சரியாக என்னை. பிறகு அந்தக் கை குழந்தையின் வாய்க்குப் போனது. மறுபடி உயர்ந்தது, மறுபடி என்னைக் காட்டியது. குழந்தையின் வாய் அகலத் திறந்திருந்தது.

தொலைநோக்கியில் சத்தம் கேட்காது. திறந்த வாய் தெரிகிறது, அழுகை கேட்கவில்லை. வாய்க்குள் கையை விடுகிறார், தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது, சிக்னல் கிடைக்காமல் என்னைக் கையை நீட்டிக் கூப்பிடுகிறார் என்று ஒரு நொடியில் எல்லாவற்றையும் நானே கோத்துவிட்டேன். அடுத்த நொடி மேகம் மூடிக்கொண்டது. போனை எடுத்து அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே.

"அக்கா, கூண்டப் பாத்துக்கங்க" என்று கத்திவிட்டுச் சாலைக்கு ஓடினேன். அவர் திடுக்கிட்டு எழுந்து என்ன, என்ன என்று கேட்டது பின்னாலிருந்து காதில் விழுந்தது. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் வண்டியை மறித்தேன். முட்டைக்கோஸ் இறக்கிவிட்டுக் காலியாகப் போய்க்கொண்டிருந்த வண்டி. ஓட்டியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். "பள்ளங்கிக்கு, வெரசாப் போங்கண்ணே" என்றேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டேன். அவற்றில் சிலவற்றை இன்னும் முடிக்கவில்லை.

முற்றத்துக்குள் ஓடியபோது மாமியார் குழாயடியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் பாயில் உட்கார்ந்து தாடையெல்லாம் சோறாக, ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"என்னாத்தா, இந்நேரத்துல வந்து நிக்கிற? வேலைய விட்டு அனுப்பிச்சுட்டாங்களா?"

"நீங்கதான கூப்பிட்டீங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

"நானா? போன எங்க வச்சேன்னே தெரியல."

"கையக் காட்டுனீங்களே அத்தை. பெரிய கண்ணாடியில பாத்தேன். என்னையக் காட்டிக் காட்டி..."

 அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார்.

"அடிப் பாவி மகளே. அது ஒன்னையக் கூப்புடல. ஒன்னையக் காட்டிச் சோறு ஊட்டுனேன்."

ஊரில் எல்லோரும் நிலாவைக் காட்டி ஊட்டுவார்கள், காக்காயைக் காட்டுவார்கள். பகலில் நிலா இல்லை, என் மகள் காக்காயை மதிப்பதில்லை. ஒருநாள் தற்செயலாக, மலை விளிம்பில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் மாடத்தைக் காட்டி, "அந்தா பாரு ஒங்கம்மா, அங்கனதான் இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்துவிட்டாளாம். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். ஒரு வாய்க்கு ஒருமுறை நான்.

"பொறவு ஏன் சில நாளு சாப்பிட மாட்டேங்குறா?"

"மேகம் போட்டா நீ தெரிய மாட்டேங்குறியே. காட்டுறதுக்கு ஒன்னுமில்ல. அன்னைக்கு வாயப் பூட்டிக்கிருது." கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "இதச் சொன்னா நீ வெசனப்படுவேன்னு சொல்லல. ஏற்கெனவே ஒனக்கு வெசனத்துக்குக் கொறச்சலா?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேகம் இறங்கினால் மேலே எனக்கு வேலையில்லை, கீழே அவளுக்குச் சோறில்லை. ஒரே மேகம். இத்தனை நாள் நான் மேலே உட்கார்ந்து யாருக்கும் பயனில்லை என்று நொந்துகொண்டிருந்தபோது, கீழே ஒருத்தி என்னைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறாள். மகளை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் தாடையைத் துடைத்தேன். மாமியார் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "குடிச்சுட்டுக் கெளம்பு. அங்க யாரு இருக்கா?" என்றார்.

திரும்பிப் போனபோது அக்கா என் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "அப்ப நல்லா நிமிந்து உக்காருங்க தங்கச்சி, புள்ள பாக்குதுல்ல" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

ஆனால் மழைக்காலம் முடியவில்லை, மாதக் கடைசியும் தள்ளிப்போகவில்லை. அடுத்த வாரம் முழுக்க மேகம். ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுக்குள் நுழையும்போதே கிண்ணத்தைத்தான் தேடுவேன். முதல் நாள் சோறு அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும். அதற்கப்புறம் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மறுநாளும் கழுவிய கிண்ணம்தான். எப்படி என்று கேட்டால் மாமியார், "ஏதோ சாப்பிட்டுச்சு" என்றுமட்டும் சொன்னார். எனக்காகப் பொய் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். கழுவிய கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

என் வார விடுமுறை நாளிலும் மேகம் முற்றம்வரை வந்திருந்தது. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். நான் வீட்டில் இருப்பதை மறந்தவர் போல மாமியார் சோற்றைப் பிசைந்துகொண்டு, மகளை இடுப்பில் வைத்து வழக்கமான இடத்துக்குப் போய் நின்றார். கதவருகே போய்க் காதுகொடுத்தேன்.

"அந்தா பாரு, ஒங்கம்மா அங்கன ஒனக்குப் பால் காச்சுறா. பெரிய சட்டியில காச்சுறா. எம்புட்டு ஆவி வருது பாரு. மலையே தெரியல. எல்லாம் ஒனக்குத்தான். ஆ காட்டு."

மகள் அந்த வெள்ளையை அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

வெளியே போய் அவளை வாங்கிக்கொள்ளக் கால் எழுந்தது. போயிருந்தால் மலைமேல் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும் அம்மா அந்த நிமிடமே இல்லாமல் போயிருப்பாள். பாதிக் கிண்ணம் இன்னும் மீதியிருந்தது. கதவுக்குப் பின்னால், மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு, கிண்ணம் காலியாகும்வரை அசையாமல் நின்றேன்.