பத்தரைக்கு முன் திறந்த ஃபைல்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் ஷர்லிக்கு வேலை. வேலை என்றால் பெரும்பாலும் காத்திருப்பதுதான். ஆபீஸில், வருகை போதுமானவர்களின் பெயர்களோடு வருகைப்பதிவு ஃபைல் உருவானதும் அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அதைப் படித்து, பெயர் இருக்கிறவர்கள் தேர்வு எழுதலாம், இல்லாதவர்கள் எழுத முடியாது என்று வீட்டுக்கு மெசேஜ் அனுப்பும். இந்த முறை ஃபைல் வருகிற வழியைக் காணோம். திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் பூத்துவிட்டது.

நடுவில் குன்றாண்டார்கோவிலிலிருந்து வந்து படிக்கும் புவனேஸ்வரி வேறு தினமும் வந்து நின்றாள். "அட்டெண்டன்ஸ் கொறஞ்சா படிப்ப நிறுத்திருவேன்னு அப்பா சொல்லிட்டாருக்கா. எம்பேரு வந்துருமா?"

"வந்துரும், போ."

வெள்ளிக்கிழமை காலை ஃபைல் வந்தது. அதைத் தயாரிக்க வேண்டிய ஆபீஸ் சூப்பிரண்டு ஆத்மநாதன் நல்ல நேரம் பார்க்காமல் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். பத்தரைக்கு ராகு காலம். அதற்கு முன்பே ஃபைலைத் திறந்து, தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி போட்டு, சேவ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெயர்களைச் சாவகாசமாக நிரப்பிக்கொள்ளலாமாம். ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கத் தெரிந்த ஸ்கிரிப்ட் அவருக்காகக் காத்திருக்குமா? உள்ளே ஒரு பெயரும் இல்லாததால், கல்லூரி மொத்தத்துக்கும் 'தேர்வு எழுத முடியாது' என்று அனுப்பிவிட்டது.

"நல்ல நேரத்துலதாம்மா ஆரம்பிச்சேன்," என்றார் ஆத்மநாதன்.

ஷர்லிக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. மதியத்துக்குள் பெயர்கள் ஏறின, திருத்திய மெசேஜ் போனது. வீடு வீடாகப் போன் வந்தது, வாங்கிக் கட்டிக்கொண்டாள். புவனேஸ்வரி வீட்டிலிருந்து மட்டும் போன் வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குன்றாண்டார்கோவிலுக்கே பஸ் ஏறிவிட்டாள்.

வாசலில் புவனேஸ்வரியின் அப்பா வீரய்யா போனை நீட்டினார். "ரெண்டு வந்திருக்குங்க. முடியாதுன்னு அனுப்புனது யாரு?"

"நாந்தாங்க."

"எழுதலாம்னு அனுப்புனது?"

"அதுவும் நாந்தாங்க."

உள்ளே புவனேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். ஷர்லிக்கு இருந்த அசதியில் அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"இந்தப் போன இனி நான் நம்பமாட்டேங்க," என்றார் வீரய்யா. "புள்ள பரீட்ச எழுதணும்னா நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க. நீங்களே கொண்டாந்து விடுங்க."

பரீட்சை முடிகிற வரை ஷர்லி விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து குன்றாண்டார்கோவில் போனாள். திரும்புகிற பஸ்ஸில் புவனேஸ்வரி புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தாள். ஷர்லி அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள்.