பத்தில் நாலு பேர்

ஷூ ஃபேக்டரியில் வெல்ஃபேர் ஆபீசர் என்றால், தொழிலாளிக்கு முதலாளியின் ஆள், முதலாளிக்குத் தொழிலாளியின் ஆள். ஓட்டு எண்ணிவிட்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் வாருங்கள், ஒன்றாக உட்கார்ந்து புலம்பலாம்.

அஞ்சும் ஒரே பக்கம்

எங்கள் ஆம்பூர் ஃபேக்டரியில் தொழிலாளர் கமிட்டிக்கு ஐந்து இடம். ஆளுக்கு ஐந்து டிக் போடலாம். தொழிலாளிகளில் பத்துக்கு ஆறு பேர் தையல் பிரிவு, நாலு பேர் ஃபினிஷிங். அவரவர் தங்கள் பிரிவுக்கே ஐந்து டிக்கையும் போடுவார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் ஐந்து இடமும் தையலுக்கே போகும். முடிவை நான் போர்டில் ஒட்டியதும், ஃபினிஷிங்கில் வேலை செய்யும் பேரணாம்பட்டு சல்மா நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"பத்துல நாலு பேர் நாங்க. அஞ்சுல ஒருத்தர்கூடவா நாங்க இல்ல சார்?"

வராத வாசனை

ஃபினிஷிங்கில் ஷூவுக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடிப்பார்கள். அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் நின்று போய், ஸ்ப்ரே வாசனையில் எல்லோருக்கும் தலைவலி. கமிட்டியோ தையல்காரர்களின் நாற்காலியைப் பற்றியே பேசிக் கலைந்தது. எனக்கு எரிச்சல். ஃபேனைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கமிட்டித் தலைவி கஸ்தூரியக்காவைக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை, உள்ளதைச் சொன்னார்.

"எங்க பக்கம் அந்த வாசனையே வர்லியே சார்."

பெட்டியில் எல்லா சைஸும்

ஏற்றுமதி அவசரத்தில் தையல் ஆட்கள் சிலரை ஃபினிஷிங்குக்கு மாற்றினார்கள். கஸ்தூரியக்காவும் போனார், தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். அந்தச் சமயம் பார்த்து, அவரையும் வைத்துக்கொண்டே நான் மேனேஜரிடம், ஒவ்வொரு பிரிவும் வாங்கும் ஓட்டுக்கு ஏற்ப இடத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் என்றேன். அதிக ஓட்டு வாங்கியவர்தானே ஜெயிக்க வேண்டும் என்றார் மேனேஜர். தன் பக்கம் இரண்டு இடம் போய்விடும் என்று தெரிந்தும் கஸ்தூரியக்காதான் பதில் சொன்னார்.

"முப்பத்தெட்டாம் நம்பர்தான் ஜாஸ்தி விக்குதுன்னு, பொட்டி பூரா அதையே போட்டு அனுப்புறோமா சார்?"

மூணும் ரெண்டும்

அடுத்த தேர்தலில் ஆளுக்கு ஒரே ஓட்டு, அதுவும் ஆளுக்கு இல்லை, பிரிவின் வேட்பாளர் பட்டியலுக்கு. தையலுக்கு மூன்று இடம், ஃபினிஷிங்குக்கு இரண்டு. முதல் கூட்டத்திலேயே சல்மா ஃபேன் பேச்சை எடுத்தாள்; அது சுற்றத் தொடங்கும்வரை யாரையும் விடவில்லை. எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அவள் அதோடு நிற்கவில்லை.

"எம்.எல்.ஏ. எலெக்‌ஷன்லயும் இப்படியே எண்ணினா இன்னா சார்?"

இப்போதெல்லாம் கமிட்டிக் கூட்டம் முன்பைவிட இரண்டு மடங்கு நீள்கிறது. தலைவலி எனக்கு மட்டும்தான்.