ஆடவேண்டிய நட்டு

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி இருக்கும் லேத்துப் பட்டறைக்குச் சிவப்பிரகாஷ் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்று பெயர். சிவப்பிரகாஷுக்கு லேத்து எந்தப் பக்கம் சுற்றும் என்பதுகூடத் தெரியாது. அவர் மாங்காய் வியாபாரி. லேத்து ஓட்டுகிறவள் அவர் மனைவி செல்வப்பிரியா. பெண் பெயரில் பலகை மாட்டினால் ஜாக்கெட் தைக்கத் துணியோடு வந்துவிடுவார்கள் என்று தொலைநோக்கோடு மாமனார் வைத்த பெயர் அது.

ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் பிரிவில் இடம் கிடைக்காமல், போனால் போகட்டும் என்று இரும்பு கடைகிற டர்னர் பிரிவில் சேர்ந்தவள் அவள். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். நூல் பிசகாமல் மரை வெட்டுகிற கை என்று எல்லோரும் மெச்சினார்கள். மெச்சிவிட்டு ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். பெண்ணுக்கு அதுதான் பாதுகாப்பாம். ஸ்டோர் ரூமுக்குப் போன நான்காம் மாதம் வேலையை விட்டுவிட்டுப் பழைய லேத்து ஒன்றை வாங்கிப் போட்டாள். வருகிறவர்கள் அவளைப் பார்த்து, "மேஸ்திரி இல்லீங்களா?" என்பார்கள். "கை கழுவப் போயிருக்காருங்க, சாமானை வெச்சுட்டுப் போங்க" என்பாள். அவர்கள் போனதும் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குவாள்.

போன வருஷம் ரெண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விட்ட சமயம், வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருந்த ஷட்டர் தகராறு செய்தது. கைச்சக்கரத்தைச் சுற்றினால் பலகையைத் தூக்குகிற நீளத் திருகு மேலே வர வேண்டும். வரவில்லை. சக்கரத்துக்கு அடியில் இருந்த நட்டின் மரை மழுங்கிப் போயிருந்தது. மூன்று கடிதம், இரண்டு நேரடி ஆய்வு எல்லாம் முடிந்த பிறகு வாய்க்கால் ஆபீஸ் புது நட்டு ஒன்றை வரவழைத்தது. அட்டைப்பெட்டி, தரச்சான்றிதழ் சகிதம் மாப்பிள்ளை போல வந்து இறங்கிய அதை மாட்டித் தரச் செல்வப்பிரியாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் மரை அளக்கிற பல்தகட்டைத் திருகில் வைத்துப் பார்த்தாள். அங்குலத்துக்கு மூன்று மரை. நட்டிலோ எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு மரை. ஒரு மரைக்கு அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. ஆனால் மரைக்கு மரை அது கூடிக்கொண்டே போகும்.

"இது ஏறாதுங்க சார். மூணாவது சுத்துல கடிச்சுக்கும்."

உதவிப் பொறியாளர் ரிஞ்சு வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. சான்றிதழை விரித்துக் காட்டினார். "சேச்சி, இதானே இப்போ ஸ்டாண்டேர்டு. பழசெல்லாம் மாறிப் போச்சு."

மாறியது புத்தகத்தில். திருகுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

மாட்டச் சொன்னார். நட்டு இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு ஏறியது. ரிஞ்சு அவளைக் கருணையோடு பார்த்தார். மூன்றாவதில் நின்றது. படித்தவர்கள் செய்கிறபடி ஸ்பேனரில் நீளக் குழாய் ஒன்றைச் செருகச் சொல்லி, நான்கு பேரை அதில் தொங்கவிட்டார். 'கிரீச்' என்றது, அதன்பிறகு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. பலகை ஒரு சாண்கூட எழும்பவில்லை. ஒன்பது நாள் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. அங்கே நெல் நட்டிருந்த காளிச்சாமி தினமும் வந்து கரையில் உட்கார்ந்தார்.

"ஏனம்மிணி, தண்ணி எந்த ஸ்டாண்டேர்டுல வருமுன்னு கேட்டுச் சொல்லு. அதுக்கேத்தாப்பல வயல மாத்திக்கறேன்" என்றார் அவளிடம்.

திருகுக்குக் கீறல் விழாமல் நட்டை அறுத்து எடுக்க அவளுக்கு ஒன்றரை நாள் ஆனது. பிறகு கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் புது நட்டு கடைந்தாள். அங்குலக் கணக்கில், கொஞ்சம் தளர்வு விட்டு. இறுக்கிப் பிடிக்கிற நட்டு வேறு, ஓடுகிற நட்டு வேறு. வண்டல் தண்ணீரில் ஓடுகிற நட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். மாட்டியதும் காளிச்சாமி ஒற்றைக் கையால் சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் அவருக்கு முன்னால் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

வேலை செய்கிறது என்று தெரிந்ததும் ஆய்வுக்குழு வந்தது. பெரிய பொறியாளர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினார். கடகடவென்றது. தளர்வு அதிகம், ஒரு வாரத்தில் இறுக்கமாகச் செய்து தர வேண்டும் என்று எழுதினார். அரைமணி நேரம் அவள் விளக்கினாள்; அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டு, எழுதியதையே மறுபடி வாசித்துக் காட்டினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இறுக்கிக் கொடுத்துவிடு, அவர்களே படட்டும் என்றார் சிவப்பிரகாஷ். ஆனால் பட்டுக்கொள்ளப் போவது காளிச்சாமியின் பயிர் அல்லவா?

ஏழாம் நாள் அதே நட்டைக் கழற்றி, மரை நிறையக் கெட்டிக் கிரீஸை அப்பி மாட்டினாள். குழு வந்தது. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தது. சத்தமே இல்லை. "இப்போ கரெக்ட்" என்றார் பெரியவர். பொருத்தம் மேம்பட்டது என்று குறிப்பெழுதி ஜீப்பில் ஏறினார்.

ரிஞ்சு மட்டும் பின்தங்கினார். விரலில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார். "சேச்சி, நட்டை மாத்தவே இல்லியா?"

"இல்லீங்க சார். ஓடற மரைக்கு எடம் வேணுமுங்க. அந்த எடத்துல இருக்க வேண்டியது கிரீஸுங்க. அதைத்தான் வெச்சேன்."

அடுத்த மாதம், மீதிப் பதினொரு ஷட்டருக்கும் அவளே நட்டு செய்ய உத்தரவு வந்தபோது, ரிஞ்சு சொந்தமாக ஒரு பல்தகடு வாங்கிக்கொண்டு பைக்கில் கூடவே வந்தார். இரண்டு பேருமாக ஒவ்வொன்றையும் அளந்தார்கள். ஏழு ஷட்டர் அங்குலக் கணக்கு, நான்கு ஷட்டர் மில்லிமீட்டர் கணக்கு. அதைத் தாளில் எழுதி ஆபீஸுக்குக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் ஏன் ஒரே மாதிரி இல்லை என்று அவளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.