பூ வைக்க வந்தவர்களிடம் பொலோனியம் பற்றிச் சொன்னது

என் மகள் ஓர் ஆய்வுக்கூடத்தில் உருக்கிய உலோகத்தோடு வேலை செய்கிறாள். ஈயமும் பிஸ்மத்தும் கலந்தது. அணு உலையைக் குளிர்விக்கத் தண்ணீருக்குப் பதில் இதை ஓடவிடலாம் என்று முயல்கிறார்கள். சிக்கல் பிஸ்மத்தில் இருக்கிறது. நியூட்ரான் பட்டால் அதில் கொஞ்சம் சில நாட்களில் பொலோனியமாகிவிடும், கதிர்வீச்சு உள்ள நஞ்சு. அது உலோகத்துக்குள்ளேயே கரைந்து கிடக்குமா, ஆவியாகி மேலே வருமா, எந்தச் சூட்டில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும், ஈரக்காற்று பட்டால் வெளியேறுவது கூடும் என்பாள். ஞாயிறுதோறும் போனில் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். ஆரணியில் எந்தத் தெருவில் எப்போது முதல் விசைத்தறி ஓடியது, எந்தப் புரட்டாசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது என்று நான் எழுதிவைத்திருக்கிற நோட்டுகளுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று தனி நோட்டு.

கூடப் படித்தவனை அவளுக்குப் பிடித்திருந்தது. களம்பூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பம். ஆறு வருடம் காத்திருந்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்திருந்தார்கள். ஆவணி இரண்டாம் ஞாயிறு காலை பூ வைக்க வந்தார்கள். பையனின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் பேச்சு உறுதி.

கேசரி கொடுத்து முடித்திருந்தோம். பையனின் அத்தை கேட்டார்: "பொண்ணு இன்னா வேலைங்க பண்ணுது?"

மகளே முந்திக்கொண்டாள். "மெட்டலுங்க அத்தை. உருக்கி டெஸ்ட் பண்ணுவோம்."

"ஆசாரி வேலைன்னு சொல்லு. தாலிய நீயே பண்ணிக்குவ போல."

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். தவறான தகவல் ஒன்று அப்படியே நிற்பது எனக்குப் பொறுக்காது. நோட்டை எடுத்துவந்து விளக்கினேன். நூற்று முப்பத்தெட்டு நாளில் பொலோனியம் பாதியாகி, அழிந்த பாதி ஈயமாக மாறிவிடும் என்பது வரைக்கும் சொன்னேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெசமாங்க அது?" என்றார் அத்தை.

"உடம்புக்குள்ள போனாத்தாங்க. போவாது. மூடின பெட்டிக்குள்ள கையுறை வழியா கையை உட்டுத்தான் வேலை. அப்பவும் மூத்திரம் எடுத்து டெஸ்ட் பண்ணிகினேதான் இருக்காங்க. இதுவரைக்கும் ஒண்ணும் இல்லீங்க."

"இதுவரைக்குமா?" என்றார் பையனின் அம்மா.

பாதுகாப்பு எவ்வளவு பலமானது என்று காட்டத்தான் அதைச் சொன்னேன். பையன் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா எழுந்தார். "மில்லுல லாரி நின்னுகினு இருக்குதுங்க. ஜல்தியா போவணும். இன்னொரு நாள் வர்றோம்."

அவர்கள் கொண்டுவந்த மல்லிகைச்சரம் தட்டிலேயே இருந்தது. என் மனைவி அதைச் சாமி படத்துக்கும் போடவில்லை.

புதன்கிழமை பையன் போன் செய்தான். லீவு முடியாமல் வீட்டிலேயே இருந்த மகள் மாடிப்படியில் உட்கார்ந்து பேசினாள், பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, அவரை மீறி வர அவனால் முடியாது. இறங்கி வந்தவளிடம் நான் கேட்டது இது: "நான் சொன்னதுல எதுனா தப்பு இருந்துச்சாம்மா?"

"இல்லப்பா. எல்லாம் கரெக்ட்டுதான்."

"கரெக்ட்டா இருந்து இன்னா பண்றது?" என்றாள் என் மனைவி. "ஒரு நாளைக்கு வாய்க்கு லீவு உட்டிருக்கலாம் இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை போன் இப்போதும் வருகிறது, அவள் அம்மாவுக்கு. என்னிடம் வந்தால் பிரஷர் மாத்திரை போட்டேனா என்று கேட்கிறாள். கோபமே இல்லாத குரல். பழையபடி கோபப்பட்டால்கூடத் தேவலை. ஈயத்தை விட்டுப் பாதரசத்துக்கு மாறிவிட்டாள் என்பதை மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். புரோட்டான் கற்றையைப் பாதரசத்தின் மேல் செலுத்துவார்களாம், அதிலும் கதிர்வீச்சுள்ள பொருள்கள் பலவும் உண்டாகுமாம். அவற்றில் எது பாதரசத்தோடு தங்கும், எது ஆவியாகும் என்று கேட்டால் சொல்வாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாத்திரை போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன்.