மாமா பாடிய இரண்டு வரி

போன மாதம் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தது. கறுப்புப் பனியன், நெஞ்சில் பெரிதாக ஓர் இசைத்தட்டின் படம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மறுபடியும் இசைத்தட்டு மோகம் பிடித்திருக்கிறதாம். இங்கே கோயம்புத்தூரில்கூடக் காபிக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டுகிறார்கள், கேட்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. நான் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர் சொன்னபடி தயாராகிறதா என்று பார்ப்பது என் வேலை. படம் கோணாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க அயர்னிங் செக்‌ஷனுக்குப் போனேன். அயர்ன் மாஸ்டர் ஒவ்வொரு பனியனையும் மேஜையில் விரித்து, படத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, அதன் மேல்தான் பெட்டியை வைத்தார். நேராக வைத்தால் பிரிண்ட் உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். திருப்பூரில் தேய்ப்புப் பெட்டியைத் தொடுகிற எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாம்பிளை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

அத்தை ஞாபகம் வந்துவிட்டது. அத்தை என்றால் என் அப்பாவின் ஒரே தங்கை. வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். மாமா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், போதாக்குறைக்கு நம் ஆட்களும் இல்லை. அவர்கள் பொங்கலூரில் குடித்தனம் நடத்திய காலம் முழுக்க அப்பா அந்த வழிப் பஸ்ஸில் ஏறியதில்லை. தாராபுரம் போவதென்றால் காங்கேயம் சுற்றிக்கொண்டு போவார். ரோஷத்துக்காக இப்படி டிக்கெட் எடுத்த மனிதர் எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மாமா ஒரு சாயப்பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். கழிவுத் தொட்டிக்குள் மயங்கி விழுந்த ஒரு பீகார்ப் பையனைத் தூக்கப்போகிறேன் என்று இறங்கினார். இரண்டு பேரும் உயிரோடு மேலே வரவில்லை. சட்டைப்பையில் இருந்த செல்போனும் அவரோடு முழுகிப் போயிற்று. காரியம் முடிந்ததும் அப்பா பொங்கலூர் பஸ்ஸில் ஏறிப்போய் அத்தையைக் கூட்டிவந்தார். என்ன இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான் என்று சொந்தம் முழுக்க மெச்சிக்கொண்டது. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. நானும் மெச்சிக்கொண்டேன்.

அத்தையோடு ஒரு துணிப்பையும் ஒரு ரெக்கார்டு பிளேயரும் பனியன் அடைக்கும் அட்டைப்பெட்டிகளில் இசைத்தட்டுகளும் வந்தன. மாமாவுக்கு அந்தப் பைத்தியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய இரும்புக்கடை, ரேடியோ ரிப்பேர் கடை, மூடிப்போன மைக் செட் கடை என்று அத்தையையும் வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றுவாராம். அவர் எல்லாத் தட்டையும் வாங்கினாலும் தேடியது ஒரே ஒரு தட்டைத்தான். சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய சபைப் பாடகர் குழுவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், கிறிஸ்துமஸ் பாட்டுகள் பாடவைத்து, ஒரு சின்னத் தட்டு போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பாட்டில் நடுவே இரண்டு வரியை மாமா தனியாகப் பாடியிருக்கிறார். வீட்டில் இருந்த தட்டு வீடு கைமாறியபோது எங்கேயோ போய்விட்டது. அந்த இரண்டு வரிப் பெருமையை மாமா சாகும்வரை விடவில்லை என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்லுவாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

அவர் குரல் வேறு எதிலும் இல்லை. கல்யாண வீடியோ கிடையாது, அது பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணம். போன் போயிற்று. அத்தைக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்த இரண்டு வரியை ஒருதரம் கேட்பதுதான். வேறு எதையும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பொட்டுக்கும் பூவுக்கும் அம்மா வற்புறுத்தினால்கூட, "இருக்கட்டுங்க அண்ணி" என்று சொல்லிவிடுவாள்.

ஷிப்ட் இல்லாத நாட்களில் என்னை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போவாள். இசைத்தட்டு சேகரிப்பவர்கள் எழுதும் ப்ளாக்குகள் என்று ஓர் உலகமே அங்கே இருந்தது. எல்லாரும் ஆண்கள். அட்டையின் மூலை மடங்கியிருக்கிறதா, லேபிள் சிவப்பா நீலமா, முதல் அச்சா இரண்டாம் அச்சா என்று பங்காளிச் சண்டை மாதிரி அடித்துக்கொள்வார்கள். நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் டைப் அடிப்பது என் வேலை. ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் அத்தை ஒரே கேள்வியைத்தான் போடச் சொல்லுவாள்: சார் வணக்கம், பொங்கலூர்ப் பக்கத்து சபைப் பிள்ளைகள் பாடிய சின்னத் தட்டு, நீல லேபிள், யாராவது பார்த்திருக்கிறீர்களா? சாமி பாட்டுக்கெல்லாம் மார்க்கெட் இல்லை மேடம் என்று ஒருவர் பதில் போட்டார். அதற்கும் நன்றி சொல்லச் சொன்னாள்.

கடைகளுக்கும் போனோம். ஈரோடு, கோயம்புத்தூர் எங்கும் விடவில்லை. தூசியும் எலிப் புழுக்கையுமாகக் குவிந்திருக்கும் தட்டுகளின் முன்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாள். அத்தை பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். பனியனை வெளிச்சத்தில் பிடித்து ஊசி ஓட்டை தேடுவாளே, அதே கையால் ஒவ்வொரு தட்டையும் சாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். கடைக்காரர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். "ஏனுங்கம்மா, எடுக்கறீங்களா, சும்மா பாக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அவள் நிமிரவில்லை. எனக்குத்தான் மானம் போயிற்று.

இதற்கிடையில் அப்பா குண்டடத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தோட்டம், கிணறு, இரண்டு பிள்ளைகள், மனைவி இல்லை. நம் ஆட்கள். போன மானத்தை இதில் மீட்டுவிடலாம் என்று அப்பாவுக்கு ஒரு கணக்கு. அவர்கள் பக்கத்தில் ஒரே ஒரு சங்கடம், பெண் இன்னும் பழசையே நினைத்துக்கொண்டிருக்கிறாளாமே என்று கேட்டார்களாம். அப்பா கேட்கும்போதெல்லாம் அத்தை ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"அந்தத் தட்டுக் கெடைக்கட்டுங்கண்ணா. கேட்டுட்டுச் சொல்லறனுங்."

கிடைக்கவா போகிறது என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டது. ப்ளாக் எழுதுகிறவர்களில் ஒரு நல்ல மனிதர், காங்கேயத்தில் பழைய மைக் செட்காரர் ஒருவரிடம் சர்ச் தட்டுகள் பார்த்த ஞாபகம் என்று எழுதியிருந்தார். தேடிப் போனோம். மைக் செட்காரர் இப்போது ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். கொப்பரை காயும் களத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை, அதில் சாக்குக்குள் தட்டுகள். கட்டுக்கட்டாக இறக்கிப்போட்டார். சாயங்காலம் ஆகப்போகிற நேரத்தில் அத்தையின் கை நின்றது. நீல லேபிள். அவள் அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவரிடம் சோடா வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். சந்தோஷத்தில் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தகரத்துச் சூட்டில் தட்டு வளைந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். ஊசி படகு மாதிரி ஏறி இறங்கியது. ஆர்மோனியம் கேட்டது. பிள்ளைகள் கூட்டமாகப் பாடுவது கேட்டது. "இப்பத்தான் கண்ணு, இப்ப வருவாங்க" என்று அத்தை என் கையைப் பிடித்தாள். அவர் முறை வருவதற்குள் ஊசி துள்ளி வெளியே விழுந்தது. எத்தனை தடவை வைத்தாலும் அதே இடத்தில் விழுந்தது.

ப்ளாக்காரர் வழி சொன்னார். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து, மேலே கனம் ஏற்றி, மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிட வேண்டும். சூடு மட்டும் காட்டவே கூடாது, கோடெல்லாம் அழிந்துபோகும். ராத்திரி சாப்பிடும்போது அத்தை இதை எங்கள் எல்லாரிடமும் சொன்னாள். எங்கள் வீட்டு முன் கொட்டகையில்தான் அப்பாவின் அயர்னிங் காண்ட்ராக்ட் நடந்தது, நான்கு மேஜை, ஸ்டீம் பெட்டி. ஒரு பீஸ்கூடக் கருக்கியதில்லை என்பது அப்பாவின் பெருமை. துணி போடாமல் பிரிண்ட் மேல் பெட்டி வைத்த பையனை என் கண் முன்னாலேயே அறைந்திருக்கிறார்.

"சூடு காட்டாம எந்தச் சுருக்கம்மா போவும்? நாம் பாக்காத சுருக்கமா?" என்று அப்பா சிரித்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம குண்டடத்துக்காரங்க வர்றாங்க அம்மிணி" என்றார்.

"தட்டு நேராவட்டுங்கண்ணா."

"அதுக்கு எத்தன மாசம் ஆவும்?"

"ஆவறப்ப ஆவட்டுங்க."

அப்பா ரசம் ஊற்றச் சொன்னார்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு, அத்தைக்கு ஷிப்ட். மத்தியானம் கொட்டகைப் பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்பா உள்ளே வந்து, அத்தையின் கட்டிலுக்கடியில் இருந்த கண்ணாடிகளைப் பிரித்து, தட்டை எடுத்துக்கொண்டு போனார். அத்தை வருவதற்குள் நேராக்கிக் கொடுத்து அசத்தப்போகிறார் என்று நானும் குதித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மேஜையில் வைத்தார், ஸ்டீமை அழுத்தினார், பெட்டியை வைத்தார். அந்த நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்னங்க பண்ணிப்போட்டீங்க!" என்று தலையில் கை வைத்தாள். தட்டு நன்றாகத்தான் நேராகியிருந்தது. ஒரு கோடு இல்லை, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

அத்தை வந்ததும் அப்பா தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அழுதார். எங்கள் அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். "உனக்கு நல்லது பண்ணலாம்னு போயி இப்புடி ஆயிப்போச்சு சாமி" என்று விம்மினார். அத்தை தட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தடவினாள். பிறகு அவள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னாள்: "உடுங்கண்ணா. தெரியாமத்தான பண்ணுனீங்க. அவங்களுக்குக் குடுத்து வெக்கல, அவ்வளவுதான்." எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அப்பாவைப் பார்க்க அதைவிடப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அத்தை இல்லை. ரெக்கார்டு பிளேயரும் துணிப்பையும் இல்லை. குண்டடத்துக்காரர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவள் ஒரு மில் ஹாஸ்டலில் இருப்பதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். அப்பா போய்க் கூப்பிட்டும் வெளியே வரவில்லையாம். கேவலம் ஒரு பாட்டுத் தட்டுக்காகக் கூடப்பிறந்தவனை உதறிவிட்டுப் போனாள் பார் என்று சொந்தம் முழுக்கப் பேசிற்று. அப்பா மறுத்துச் சொன்னதில்லை. நானும் இன்றுவரை அப்பாவிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்டால் மறுபடியும் அழுவார், எனக்குத் தெரியும். எனக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எப்போதாவது அந்த ப்ளாக்குகளைத் திறந்து பார்க்கிறேன். பாதி செத்துப் போய்விட்டன. உயிரோடு இருக்கிற ஒன்றிரண்டில் புதுப் பதிவுக்குக் கீழே அதே கேள்வி இருக்கிறது. சார் வணக்கம் என்பதுகூட மாறவில்லை. இப்போது யார் டைப் அடித்துத் தருகிறார்களோ.

தெரியாமல் செய்ததுதானே என்று சனிக்கிழமை அண்ணனைத் தேற்றியவள் ஞாயிற்றுக்கிழமை ஏன் போனாள் என்று அம்மா புலம்பாத நாள் இல்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், எல்லா அழுகையும் ஓய்ந்த பிறகு, அத்தை வாசலில் உட்கார்ந்து எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அப்பா மேல் அவளுக்கு மனசில் ஏதாவது வருத்தம் இருக்குமோ என்று எனக்குக் கவலை. சமாதானம் செய்து வைக்க நினைத்தேன்.

"அப்பா பாவமுங்கத்தை. துணி போட மறந்துட்டாருங்க."

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. "துணி போடலையா கண்ணு?"

"இல்லீங்க, நேராத்தான் வெச்சாரு. அப்பறம் ஆற உட்டுட்டு, உங்க மாமன் பாடறது எந்தப் பக்கம்னு எங்கிட்டக் கேட்டாரு. அடிப்பக்கம்னு சொன்னனுங். திருப்பிப் போட்டு அதையும் அழுத்தித் தேச்சாருங்க."

அத்தை பின்னலை முடித்து, ரிப்பனைக் கட்டினாள். வலிக்கிற மாதிரி இறுக்கமாகக் கட்டினாள். அவள் மனசு ஆறிவிட்டது என்றே நான் நினைத்தேன். ஆகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

"எங்கப்பா எந்த வேலையும் அரகொறையா உட மாட்டாருங்கத்தை."