பிள்ளைக் காம்பராவில் ஒரு முட்டை

1. தீபாவளிக்கு வீடு வந்த அக்காவின் துணிப்பைக்குள்ளிருந்து, பூச்சி உருண்டை வாசத்தோடு, ஒரு கேம் மெஷின் வெளியே வந்தது.
2. அதற்குள் ஒரு பாதை இருந்தது. அதன் எல்லா வளைவும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.
3. எங்களுக்கு ஒரு முட்டை கிடைத்தது.
4. கொழும்பு வீட்டிலிருந்து ஆள் வந்தது.
5. அப்பா மன்னிப்புக் கேட்டார்.

மென்பொருள் சோதிப்பது இப்போது என் வேலை. ஏதாவது கெட்டுப்போனால், நடந்ததை வரிசையாக எழுதி, எந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் பிழை நுழைந்தது என்று பார்க்க வேண்டும். மேலே உள்ள வரிசையைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். பிழை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. அப்பாவும் அம்மாவும் மலையில் வேலை செய்தார்கள். என் அக்கா விஜி ஏழாம் வகுப்பை முடித்ததும் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு பெண் பிள்ளை இருந்தது. ‘கொழும்புல நிக்கிறா’ என்பார்கள். அங்கே என்ன செய்கிறாள் என்பதைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த அக்கா, பலகாரத் தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே, இனிப் போகமாட்டேன், திரும்பவும் பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அம்மா சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அப்பா மட்டும் போய்ப் பள்ளிக்கூடத்து அதிபரான பெரிய சேரைக் கேட்டுவிட்டு வந்தார். பெரிய சேர் யாழ்ப்பாணத்துக்காரர். “ஜனவரியிலை கூட்டிக்கொண்டு வாங்கோ, எட்டாம் வகுப்பிலை இருத்துவம்” என்று அவர் சொன்னதை அப்பா அதே மாதிரி இழுத்துச் சொல்லிக் காட்டினார். மறுநாள் அம்மா, அக்காவின் பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை எடுத்து, மடித்துத் தைத்திருந்த விளிம்பைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தார். அதுதான் அம்மாவின் பதில் என்று எங்களுக்குப் புரிந்தது.

மெஷினுக்கு வருகிறேன். அக்கா வேலை செய்த கொழும்பு வீட்டுப் பையனுக்குப் புதிது ஒன்று வாங்கியிருந்தார்கள். பழையதன் பேட்டரி மூடி தொலைந்துபோய், ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தது. “தங்கச்சிக்குக் கொண்டு போ” என்று வீட்டம்மாவே அதை அக்காவின் பைக்குள் போட்டிருந்தார். அதன் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பனிமூட்டம் இறங்கினால் ஒன்றுமே தெரியாது. ஆகவே நாங்கள் இரண்டு பேரும் வாசற்படியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, எந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திரும்பித் திரும்பி விளையாடினோம். அப்பாவின் சின்ன ரேடியோவிலிருந்து கழித்த பேட்டரிகளைத் தேத்தண்ணிக் கேத்தலின் மூடிமேல் வைத்துச் சூடாக்கிப் போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்.

ஊர் ஊராக நடந்து, புல்லுக்குள் ஒளிந்திருக்கும் விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்ப்பதுதான் விளையாட்டு. ஆங்கிலப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை என்பதால் நாங்களே பெயர் வைத்தோம். தலையில் இலை முளைத்த ஒன்று ‘கொழுந்து’. வயிற்றைத் தள்ளிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் முறைக்கும் ஒன்றுக்கு, மலையில் எங்கள் ஆட்களை விரட்டும் உத்தியோகத்தரின் நினைவாகக் ‘கண்டாக்கு’ என்று பெயர். பாதையின் நடுவில் ஒரு வீடு வரும். நம்முடைய பிராணிகள் இரண்டை அங்கே விட்டுவிட்டு நம் பாட்டில் போகலாம்; அங்கிருக்கும் பொம்பளை பார்த்துக்கொள்வாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ‘பிள்ளைக் காம்பரா’ எங்கள் தோட்டத்திலும் இருந்ததால், அந்த வீட்டுக்கு வேறு பெயர் யோசிக்கத் தேவைப்படவில்லை. இரண்டும் ஒத்துப்போனால் அங்கே ஒரு முட்டை கிடைக்கும்.

“கொழுந்தையும் கண்டாக்கையும் பிள்ளக் காம்பராவுல விட்டிருக்கோம்மா” என்று நான் அம்மாவிடம் சொன்னேன்.

“அடி ஆத்தி! கண்டாக்கையா? அந்தாளு தொட்டிலுக்குள்ள அடங்குவாரா?” என்று அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

முட்டை கிடைத்தால் போதாது. அதை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். நிறைய நடந்தால்தான் உடையும். எந்தப் புல்லில் கால் வைத்தால் காட்டுப் பிராணி பாயும், வேலியோரமாக எந்த இடத்தில் புல்லே இல்லை, எந்தத் திட்டிலிருந்து கீழே குதிக்கலாம், குதித்த பிறகு ஏன் ஏற முடியாது, எல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். திரையைப் பார்க்காமலே கட்டைவிரலால் மேலும் கீழும் போய்வந்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அந்த வீட்டுத் தம்பி டியூசன் போற நேரம் என்கிட்டதான குடுத்துட்டுப் போகும். முட்டைய நடத்தி வையின்னு. ஒரு கையில பருப்பக் கிண்டிக்கிட்டே நடப்பேன்.”

“உடைஞ்சா என்ன வரும்?”

“தெரியல. உடையப் போற நேரம் தம்பி வாங்கிக்கிரும். கதவுக்கு அந்தப் பக்கம் கத்துற சத்தம் மட்டும் கேக்கும்.”

இதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. பருப்புக்கு எப்போது உப்புப் போடுவது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் அதன் பிறகு முட்டையை நான் நடத்தக் கேட்டால் தரவில்லை. “இத நான் பாக்கணும், பாப்பா” என்றாள்.

முட்டை உடையவில்லை. அதற்கு முன்னால் புரோக்கர் வந்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்குச் சேர்த்துவிடுகிற மனிதர் அவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். வாசலில் நின்றபடியே அக்காவின் கையைப் பார்த்தார்.

“அந்தம்மா போன் பண்ணினாங்க. தம்பியோட மெஷினக் காணோமாம். தம்பி சாப்பிடாம அழுதுக்கிட்டு இருக்காம். இது என்னா, அதுவா?”

என்ன நடந்திருக்கும் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது. தான் பிடித்து வளர்த்த பிராணிகள் எல்லாம் பழைய மெஷினில் இருப்பது பையனுக்குப் பிறகுதான் நினைவு வந்திருக்கும். நான்தான் கொடுத்தேன் என்று மகனிடம் சொல்ல அந்த அம்மாவுக்கு மனம் வந்திருக்காது. அக்கா, “அவங்கதான் மாமா…” என்று தொடங்கினாள். அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிருங்க. சின்னப் பிள்ள, தெரியாம எடுத்திருச்சு. ஒண்ணும் மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க.”

பிழை நின்ற இடம் இது. அப்பாவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் ‘பெரட்டு’க் களத்தில் தோட்டத்து மேலாளரான தொரை குரலை உயர்த்தினால் முதலில் மன்னிப்பு; காரணம் என்று ஒன்று இருந்தால், அதைத் தொரையின் முகத்தைப் பார்த்துப் பிறகுதான் சொல்வது. குற்றம் யாருடையது என்று அங்கே யாரும் தேடுவதில்லை. மன்னிப்புக் கேட்டதும் தொரை திரும்பிவிடுவார், ஆட்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிவிடுவார்கள், மறுநாள் அந்தப் பேச்சே இருக்காது. அப்பாவுக்குத் தெரிந்த மன்னிப்பு அப்படிப்பட்டது. கொழும்பு வரை போகிற மன்னிப்பு எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியாது.

புரோக்கருக்குத் தெரிந்திருந்தது. “அப்ப எடுத்தது உண்மதான். நான் சொல்லிர்றேன்” என்று மெஷினை வாங்கிக்கொண்டு போய், சில நாட்களில் முகம் நிறையச் சிரிப்போடு திரும்பி வந்தார். அந்த அம்மா மன்னித்துவிட்டாராம். பொலிசுக்குப் போகவில்லையாம். பிள்ளையை மறுபடி வேலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். இந்தக் காலத்தில் யாருக்கு அப்படி மனம் வரும்? அப்பாவின் முகத்தில் ஒரு பெரிய ஆபத்தைத் தாண்டிவந்த நிம்மதி இருந்தது. ஆனால் செய்தி அதற்குள் லயம் முழுக்கப் போய், குழாயடியில் அம்மாவைக் கண்டதும் பேச்சு நிற்கத் தொடங்கியிருந்தது.

“நீ இப்பப் போகாட்டி, களவெடுத்ததுனால வெரட்டிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. போனாத்தான் வாய மூடுவாங்க. கொஞ்ச நாளைக்குப் போயிட்டு வா” என்றார் அம்மா.

அக்கா அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். “நீங்க ஏம்ப்பா எடுத்திருச்சுன்னு சொன்னீங்க?”

“சொன்னா முடிஞ்சிரும்னுதான் சொன்னேன்.”

அவ்வளவுதான் நடந்த பேச்சு. நீளமாக்கிய வெள்ளைச் சட்டையை, மீண்டும் அளவு குறைத்து, அடுத்த வருடம் நான் போட்டுக்கொண்டேன்.

பிறகொரு சித்திரை வருடப் பிறப்புக்கு அக்கா கொழும்பிலிருந்து வந்தபோது, அந்த முட்டை என்ன ஆனது என்று அவளிடம் கேட்டேன். மெஷினில் தான் வைக்காத முட்டை ஒன்று இருப்பதைக் கண்ட பையன் சந்தோஷப்பட்டு, அதை அவளிடமே நடத்தக் கொடுத்தானாம். நடத்தினாளாம். “அப்புறம்?” என்றேன். “தம்பி வாங்கிக்கிச்சு” என்றாள்.

நாங்கள் இருந்த லயம் இப்போது இல்லை. மண்சரிவு வரும் என்று சொல்லி எல்லாரையும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைக் காம்பராவுக்கு நீல வர்ணம் அடித்து, நீளமான வேறொரு பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரி மெஷின்களும் இல்லை. அதே விளையாட்டை இன்று யாரும் கைபேசியில் ஆடலாம், நான் ஆடியதில்லை. அப்பா இறந்துவிட்டார். ‘என் மகள் எடுக்கவில்லை’ என்று யாரிடமும் சொல்லாமலேதான் போனார். சொல்ல வேண்டியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தோன்றியிருக்காது.

அண்மையில் தலவாக்கலையில் ஒரு கல்யாண வீட்டில், எங்கள் பழைய லயத்துப் பெண்ணொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ அந்த மெஷின எடுத்த பிள்ளையோட தங்கச்சிதான? நல்லாப் படிச்சு வந்துட்டியாமே!” என்றார். அன்பாகத்தான் கேட்டார்.

“அக்கா எடுக்கல, மாமி. அவங்களாத்தான் குடுத்தாங்க.”

“அத விடு பிள்ள. அதான் அப்பவே மன்னிச்சிட்டாங்கல்ல” என்று அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அக்கா இப்போதும் கொழும்பில் ஒரு வீட்டில் சமைக்கிறாள்.